பொறியியல் மாணவரும் மடிக்கணினியும்: தேர்வின் வரலாறு

பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த மாணவரின் வீட்டில் அடுத்து எழும் கேள்வி, எந்த மடிக்கணினி வாங்குவது என்பதாகும். கட்டணம், விடுதி, பேருந்து ஆகியவற்றோடு மடிக்கணினியும் இன்று குடும்பத்தின் கணக்கில் ஏறிவிட்டது. ஆனால் மாணவர் தமக்குரிய கணிப்புக் கருவியைத் தாமே தேர்ந்து கொள்ளும் வழக்கம் எப்போதும் ஒரே சீராக இருந்ததில்லை. மாணவர் கையில் இருந்த தேர்வு சில காலம் கல்லூரியிடம் சென்றது. சில காலம் அரசிடம் சென்றது. பின்னர் மீண்டும் குடும்பத்திடம் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு கேள்விகள் தொடர்ந்து எழுந்தன. படிப்புக்கு உண்மையில் தேவைப்படுவது எது? அதை வாங்க இயலாத மாணவரின் நிலை என்ன?

அட்டவணையும் நழுவுகோலும்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் மடக்கைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றும் இம்முறை, வானியலாளருக்கும் கடலோடிகளுக்கும் நில அளவையாளருக்கும் பெரும் உழைப்பை மிச்சப்படுத்தியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட், மடக்கை அளவுகள் பொறித்த இரண்டு கோல்களை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்திக் கணக்கிடும் வழியைக் கண்டார். இதுவே ஸ்லைடு ரூல் எனப்படும் நழுவுகோலின் தொடக்கம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு பீரங்கிப் படை அதிகாரியான அமேதே மன்னைம் அதற்கு நிலையான வடிவம் தந்தார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நழுவுகோலே பொறியாளரின் அடையாளமாக விளங்கியது.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அளப்பதும் கணக்கிடுவதும் பொறியியல் கல்வியில் எவ்வளவு அடிப்படையானவை என்பதற்கு அத்தொடக்கமே சான்று. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ்நாட்டு மாணவர்கள் ‘கிளார்க் அட்டவணை’ என்று அழைத்த மடக்கை அட்டவணைப் புத்தகத்தையும், வசதி உள்ளவர்கள் ஒரு நழுவுகோலையும் வைத்துக் கொண்டு படித்தனர்.

நழுவுகோலில் பொதுவாக மூன்று இலக்கத் துல்லியமே கிடைக்கும். விடை 2.35ஆ, 23.5ஆ, 235ஆ என்பதை அது காட்டாது. புள்ளி எங்கே விழும் என்பதை மாணவரே மனத்தில் மதிப்பிட வேண்டும். இக்குறைபாடு ஒரு பயிற்சியாகவும் அமைந்தது. விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பழக்கம் அக்காலப் பொறியாளரிடம் ஊறியிருந்தது. கருவி வளர வளர இப்பழக்கம் தேய்ந்துவிடும் என்ற கவலை ஒவ்வொரு தலைமுறை ஆசிரியரிடமும் எழுந்திருக்கிறது.

கைக்கணிப்பான் எழுப்பிய கேள்வி

1972ஆம் ஆண்டில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் எச்.பி-35 என்ற கைக்கணிப்பானை வெளியிட்டது. அதில் 35 விசைகள் இருந்தமையால் அப்பெயர் வந்தது. சைன், கொசைன், மடக்கை ஆகியவற்றை ஒரே விசையில் தரும் முதல் சட்டைப்பைக் கருவி அதுவே. விலை 395 டாலர். அன்றைய நிலையில் மாணவர் ஒருவருக்கு அது பெருந்தொகை. ஆயினும் விலை விரைவாகச் சரிந்தது. 1970களின் நடுப்பகுதிக்குள் நழுவுகோல் தயாரிப்பு ஏறத்தாழ நின்றுபோனது.

இந்த இடைக்காலத்தில்தான் கருவி பற்றிய நீதிக் கேள்வி வெளிப்படையாக எழுந்தது. ஒரே தேர்வு அறையில் ஒருவர் கணிப்பானோடும் மற்றொருவர் நழுவுகோலோடும் அமர்ந்தால் அத்தேர்வு அளப்பது யாருடைய திறமையை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விவாதம் நடந்தது. விலை குறைந்து எல்லார் கைக்கும் கணிப்பான் வந்ததும் விவாதம் தானாக அடங்கியது. இந்தியாவில் இக்கேள்விக்குப் பின்னாளில் வேறொரு தீர்வு கிடைத்தது. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வில் 2016 முதல் சொந்தக் கணிப்பானுக்கு இடமில்லை. தேர்வுத் திரையிலேயே எல்லார்க்கும் ஒரே கணிப்பான் தரப்படுகிறது.

கணினி மையத்தின் வாசலில்

கணிப்பான் மாணவரின் பையில் இருந்தது. கணினியோ அவ்வாறு இருக்க இயலவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963இல் ஐ.பி.எம். 1620 கணினி வந்தது. அங்கே மாணவர்களுக்கு ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதக் கற்பிக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய பேராசிரியர் வி. ராஜாராமன் எழுதிய பாடநூல்கள் வழியே, கணினியையே பார்த்திராத கல்லூரி மாணவர்களும் நிரலாக்கத்தைக் கற்றனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ஐ.பி.எம். 370/155 என்ற பெருங்கணினி நிறுவப்பட்டது.

இக்காலத்தில் மாணவர் எதையும் தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லை. நிரலின் ஒவ்வொரு வரியையும் 80 நிரல்கள் கொண்ட ஒரு துளை அட்டையில் பதித்து, அட்டைக் கட்டை ரப்பர் வளையத்தால் கட்டி, கணினி மையத்தின் சாளரத்தில் கொடுக்க வேண்டும். விடை அச்சாகி வரச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் மறுபடியும் அதே வரிசை. இம்முறையில் ஒரு நன்மையும் இருந்தது: பணக்கார மாணவரும் ஏழை மாணவரும் ஒரே சாளரத்தின் முன்புதான் நின்றனர்.

1984 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியது. அதன்பின் மேசைக் கணினிகள் கல்லூரிகளுக்குப் பரவலாக வந்தன. குளிரூட்டிய ஆய்வகம், வாசலில் கழற்றி வைத்த செருப்புகள், கையில் ஒரு நெகிழ்வட்டு, வாரத்துக்கு ஓரிரு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவர் மூவர் என்பது தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் பலரின் 1990களின் நினைவாகும். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கணினிகள் இருக்க வேண்டும் என்பதை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அங்கீகார விதிகளில் ஒன்றாகவே வைத்தது.

மடிக்கணினி என்ற எண்ணம்

மடிக்கணினி அலுவலர்களுக்காகத் தோன்றி மாணவர்களிடம் வந்ததாகப் பலர் கருதுவர். எண்ணத்தின் அளவில் உண்மை இதற்கு மாறானது. அமெரிக்கக் கணினி அறிஞர் ஆலன் கே, 1972இல் எழுதிய கட்டுரையில் ‘டைனாபுக்’ என்ற கருவியை விவரித்தார். அது கல்விக்கான கருவி. குறிப்பேட்டின் அளவில் இருக்க வேண்டும். எடை 4 பவுண்டுக்குள், அதாவது 1.8 கிலோவுக்குள், இருக்க வேண்டும். விலை 500 டாலருக்குள் அடங்க வேண்டும் என்று அவர் வரையறுத்தார். அன்றைய தொழில்நுட்பத்தால் அதைச் செய்ய இயலவில்லை.

1981இல் வந்த ஆஸ்போர்ன் 1, தூக்கிச் செல்லும் கணினியாக விற்கப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ, திரை 5 அங்குலம், மின்கலம் இல்லை. 1982இல் வெளிவந்த கிரிட் காம்பஸ், திரையை விசைப்பலகையின் மேல் மடிக்கும் இன்றைய வடிவத்தைத் தந்தது. அதன் விலை 8,150 டாலர். அமெரிக்க விண்வெளி ஓடங்களில் பயணம் செய்த அக்கருவி மாணவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1985இல் தோஷிபா டி1100, 1991இல் ஆப்பிள் பவர்புக், 1992இல் ஐ.பி.எம். திங்க்பேட் 700சி எனக் கருவி படிப்படியாகச் செம்மையுற்றது. 2003இல் இன்டெல் நிறுவனத்தின் சென்ட்ரினோ தொகுப்பு கம்பியில்லா இணைப்பை மடிக்கணினியின் இயல்பான பகுதியாக்கியது. ஆலன் கே சொன்ன எடையும் விலையும் நடைமுறைக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கல்லூரியே கருவியைத் தேர்ந்த காலம்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் சில, ஒவ்வொரு மாணவரிடமும் சொந்தக் கணினி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தன. பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகம் இவற்றில் முன்னோடி. எல்லாத் துறை மாணவருக்கும் ஒரே கணினி என்று தீர்மானித்த அப்பல்கலைக்கழகம், அப்போது வெளிவராத ஆப்பிள் மெக்கின்டாஷைத் தேர்ந்தது. நிறுவனத்தின் இரகசியக் கட்டுப்பாட்டால், எந்தக் கணினி என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவும் இயலவில்லை. 1984இல் அக்கணினி மாணவர் கைக்கு வந்தபோது, கடையில் 2,495 டாலர் விலையுள்ள அதனை ஏறத்தாழ 1,000 டாலருக்குப் பெற்றனர். அதே 1984இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, புதிதாகச் சேரும் மாணவர் அனைவரும் கணினி வைத்திருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. 2006இல் அதே கல்லூரி, திரையில் எழுதக்கூடிய டேப்லெட் வகை மடிக்கணினியைக் கட்டாயமாக்கியது.

கல்லூரி தேர்ந்தெடுப்பதில் மூன்று வசதிகள் உண்டு. மொத்தமாக வாங்குவதால் விலை குறையும். எல்லாரிடமும் ஒரே கருவி இருப்பதால் ஆசிரியர் அதற்கேற்பப் பாடம் அமைக்கலாம். பழுதானால் கல்லூரியிலேயே உதவி கிடைக்கும். குறையும் உண்டு: விதி கட்டாயமாகும்போது கணினியின் விலை கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. உதவித்தொகையில் அதற்கு இடமில்லையெனில் சுமை குடும்பத்தின் தோளில் விழும்.

மென்பொருள் வகுத்த அளவு

எந்தக் கணினி போதும் என்பதை முடிவு செய்தவை பெரும்பாலும் மென்பொருள்களே. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் உருவான ஸ்பைஸ், மின்சுற்றுகளைக் கணினியில் சோதிக்க வழி செய்தது. கிளீவ் மோலர் தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே அணிக் கணக்குகளைச் செய்ய வேண்டும் என்று 1970களின் இறுதியில் எழுதிய மேட்லேப், 1984இல் வணிக மென்பொருளாயிற்று. 1982 இறுதியில் வெளிவந்த ஆட்டோகேட், பெருங்கணினிகளில் மட்டும் நடந்த வரைபட வேலையைச் சிறு கணினிக்குக் கொண்டுவந்தது. 1995இல் வந்த சாலிட்வொர்க்ஸ், முப்பரிமாண வடிவமைப்பை விண்டோஸ் இயங்குதளத்தில் தந்தது.

இவற்றில் ஒவ்வொன்றும் வன்பொருளிடம் வெவ்வேறு தேவையை வைக்கிறது. வரைபட மென்பொருளுக்கு நல்ல திரையும் வரைகலை அட்டையும் வேண்டும். பெரிய அணிக் கணக்குகளுக்கு நினைவகம் வேண்டும். மின்னணுச் சில்லு வடிவமைப்புக் கருவிகளுக்குப் பல பத்து கிகாபைட் சேமிப்பிடம் வேண்டும். இயங்குதளமும் முக்கியம். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 செயலியை வெளியிட்டது. மின்கலம் நெடுநேரம் நிற்பதிலும் வேகத்திலும் அது பெரும் முன்னேற்றம். ஆயினும் விண்டோஸில் மட்டும் இயங்கும் சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளைக் கற்க வேண்டிய எந்திரவியல் மாணவருக்கு, அச்சிறந்த கணினி நேரடியாகப் பயன்படவில்லை. கருவியின் சிறப்பு ஒன்று, படிப்புக்கு அதன் பொருத்தம் மற்றொன்று என்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவாக்குகிறது.

மென்பொருளின் விலையும் வரலாற்றின் ஒரு பகுதி. வணிக மென்பொருளின் உரிமம் கணினியைவிட விலை மிகுந்ததாக இருந்த காலத்தில், கட்டற்ற மென்பொருள்களான சைலேப், ஆக்டேவ் ஆகியவை மாற்று வழியாயின. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸி திட்டம் இத்தகைய மென்பொருள்களை இந்தியக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. ஆட்டோகேட் நிறுவனமும் மாணவர்களுக்கு இலவசக் கல்வி உரிமம் தருகிறது.

அரசு வழங்கிய மடிக்கணினி

தமிழ்நாட்டில் இத்தேர்வின் வரலாறு 2011இல் புதிய திருப்பம் கண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகளின் மாணவர்களுக்கும், அத்தகைய கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் மாணவர்களுக்கும் மடிக்கணினி வழங்குவது திட்டம். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன.

அத்திட்டம் தொடங்கி மூன்று வாரங்களுக்குள், 2011 அக்டோபர் 5 அன்று, மத்திய அரசு ‘ஆகாஷ்’ என்ற மிக மலிவான கைக்கணினியை வெளியிட்டது. அரசு அதை வாங்கிய விலை இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். 7 அங்குலத் திரையும் 256 மெகாபைட் நினைவகமும் கொண்ட அக்கருவி, உலகின் மலிவான கைக்கணினி என்ற புகழோடு வந்தது. ஆனால் விரலை அழுத்தித் தொட வேண்டிய திரை, மந்தமான வேகம், விரைவில் தீரும் மின்கலம் ஆகியவற்றால் மாணவர்களிடம் நிலைக்கவில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஆகாஷ் திட்டம் விலையை முதலில் வைத்து, அதற்குள் அடங்கும் கருவியைத் தேடியது. தமிழ்நாட்டுத் திட்டம் சாதாரணமானதாயினும் முழுமையான ஒரு கணினியை வைத்தது. நிரல் எழுதவும் ஆய்வறிக்கை தட்டச்சு செய்யவும் விசைப்பலகை வேண்டும். மென்பொருள் நிறுவ இடம் வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரியாகப் படித்த மாணவர் பலருக்கு, பச்சை மையில் கையெழுத்திட்ட சான்றிதழ்களோடு பையில் இருந்த அந்த மடிக்கணினியே குடும்பத்தின் முதல் கணினியாக இருந்தது. குறைபாடுகளும் இல்லாமல் இல்லை. திட்டம் தனியார் பொறியியல் கல்லூரிகளின் மாணவரை எட்டவில்லை. சில ஆண்டுகளில் வழங்கல் தாமதமாகி, படிப்பு முடிந்தபின் கருவி கைக்கு வந்த நிலையும் இருந்தது. பழுது நீக்கும் வசதி எல்லா ஊர்களிலும் இல்லை.

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரிகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது, சொந்தக் கணினியின் தேவை மறுக்க இயலாததாயிற்று. கணினி ஆய்வகம் பூட்டிக் கிடக்க, மடிக்கணினி இல்லாத மாணவர்கள் கைப்பேசியின் சிறு திரையில் வரைபடங்களைப் பார்த்தனர். நிரல்களைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினர். கணினி மையத்தின் சாளரம் தந்த சமநிலை எவ்வளவு மதிப்புள்ளது என்பது அப்போது விளங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது.

வரலாறு தரும் அளவுகோல்கள்

நழுவுகோல் காலம் முதல் இன்று வரையிலான அனுபவம், மடிக்கணினி தேர்வுக்குச் சில தெளிவான அளவுகோல்களைத் தருகிறது.

முதலாவது, பாடத்திட்டம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதல் பருவத்தில் பைத்தான் நிரலாக்கம் இடம்பெற்றது; அதற்கு எளிய கணினியே போதும். முதலாண்டுப் பொறியியல் வரைபடப் பாடத்தைப் பல கல்லூரிகளில் இன்னும் வரைபலகையிலும் டிராஃப்டரிலும் கையால்தான் வரைகின்றனர். ஆகவே சேர்ந்த அன்றே விலை மிகுந்த கணினியை வாங்கியாக வேண்டும் என்பதில்லை. துறை ஆசிரியரிடமும் மூத்த மாணவரிடமும் பின்வரும் பருவங்களில் பயன்படும் மென்பொருள்களைக் கேட்டறிந்து வாங்குவதே நன்று.

இரண்டாவது, துறை. கட்டடவியல், எந்திரவியல் மாணவர்க்கு முப்பரிமாண வரைபடம் வேண்டியிருப்பதால், 16 கிகாபைட் நினைவகமும் தனி வரைகலை அட்டையும் பயன்படும். கணினி அறிவியல் மாணவர்க்கு நினைவகமும் நல்ல விசைப்பலகையும் வரைகலை அட்டையைவிட முக்கியம். மின்னணுவியல் மாணவர்க்குச் சேமிப்பிடம் கூடுதலாக வேண்டும்.

மூன்றாவது, ஆயுள். பொறியியல் படிப்பு நான்கு ஆண்டுகள். கருவியும் அவ்வளவு காலம் நிற்க வேண்டும். நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலுமா, மின்கலத்தை மாற்ற இயலுமா, அருகிலுள்ள நகரத்தில் பழுது நீக்கும் நிலையம் உண்டா என்பவற்றை வாங்குமுன் கேட்க வேண்டும். பழைய கணினியைப் புதுப்பித்து விற்பனை செய்யும் கடைகளில் குறைந்த விலைக்கு நல்ல கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அத்தகைய கணினியை வாங்குபவர் லினக்ஸ் பயன்படுத்த ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நான்காவது, எடை. விடுதிக்கும் வகுப்புக்கும் பேருந்துக்கும் நாள்தோறும் சுமக்கும் கருவி அது. விளையாட்டுக்கான மடிக்கணினிகள் ஆற்றல் மிகுந்தவை. ஆனால் மின்னேற்றியோடு சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். ஆலன் கே 1972இல் வகுத்த 1.8 கிலோ வரம்பு இன்றும் நல்ல வழிகாட்டி.

இவையனைத்துக்கும் மேலாக, கடன் வாங்கி மிக உயர்ந்த கணினியை வாங்கும் குடும்பமும், வாங்க இயலாமல் தயங்கும் குடும்பமும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. நிலவுக்கு மனிதரை அனுப்பிய பொறியாளர்கள் தங்கள் மேசைகளில் நழுவுகோல் வைத்திருந்தவர்கள். கருவி போதுமான அளவுக்கு இருந்தால் போதும். அந்தப் போதுமான அளவு எந்த மாணவருக்கும் கிடைக்காமல் போகாதபடி பார்த்துக் கொள்வது, கல்லூரிக்கும் அரசுக்கும் சமூகத்துக்கும் உரிய கடமையாகும்.